பிடிக்குள் இருந்த எழுத்து

ஆடி முதல் வெள்ளிக்கு முந்தின நாள் காலை, எண்ணெய் பூசுவதற்காகச் சுவரிலிருந்து இறக்கியபோது, அந்த வாளின் பிடி தனியே கழன்று பூவலிங்கத்தின் கையோடு வந்துவிட்டது.

அலகு ஒரு கையில், பிடி மறு கையில். அவர் அப்படியே நின்றார்.

வாளின் அலகு அடியில் ஒரு விரற்கடைத் தண்டாகக் குறுகிப் பிடிக்குள் புதைந்திருக்கும். உருக்கி வார்த்த அரக்குதான் இரண்டையும் ஒன்றாக்கி வைப்பது. எத்தனையோ காலமாகப் பிடித்திருந்த அரக்கு அன்று பொரிந்து உதிர்ந்திருந்தது. அலகெல்லாம் துருவின் தழும்பு. அரக்கு காத்த தண்டு மட்டும் நேற்று அடித்த இரும்பைப் போலிருந்தது. அதில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள்.

'வடகரைப் படைக்கொட்டில். நாற்பத்தொன்று.'

பூவலிங்கம் மூன்று முறை படித்தார். மூன்று முறையும் அது வடகரையாகவே இருந்தது.

சுவரில், வாள் தொங்கிய ஆணிக்குக் கீழே, அவர் தம் கையால் எழுதிய பலகை இருந்தது. 'வடகரைப் படையை எதிர்த்து நின்று வீழ்ந்த கீழமடை வீரன் இருளப்பன், மார்போடு அணைத்தபடி உயிர்விட்ட வாள்.'

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கீழமடைக் கண்மாயைத் தூர் வாரினார்கள். மண்ணுக்கடியில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. கால் எலும்பில் ஒற்றை வெள்ளித் தண்டை. ஒற்றைத் தண்டை அணிந்து போருக்குப் போனவன் இருளப்பன் என்று அவன் வழியினர் நான்கு தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். ஆகவே ஆள் யார் என்பதில் ஐயமில்லை. விலா எலும்புகளுக்கிடையே ஒரு வாள் கிடந்தது. மார்போடு அணைத்துக்கொண்டு மாண்டான் என்று பூவலிங்கம் சொன்னார். கேட்டவர்கள் அழுதார்கள். தண்டையை அவன் வழியினர் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். வாள் அரண்மனைக்கு வந்தது.

பழைய ஆயுதங்களைத் தேடிச் சேர்ப்பதில் ராசாவுக்குப் பெருவிருப்பம். கண்மாயிலும் பரணிலும் வைக்கோற்படப்பிலும் கிடந்த வாளும் வேலும் கட்டாரியும் அவருடைய மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன. எது யாருடையது, எந்த நாட்டில் அடித்தது, எத்தனை தலைமுறை கண்டது என்று தேர்ந்து சொல்பவர் ஆசான் தாணுமூர்த்தி. பூவலிங்கம் அவருடைய சீடர். சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆசானுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இருபது ஆண்டு காவற்படையில் வாள் பிடித்த பின்னரே பூவலிங்கம் வாளைப் படிக்க வந்தார். மண்டபத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சீடரைக் கும்பிட்டுவிட்டு, ஆசானிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். ஆசானும் கொண்டுவந்து கொடுப்பார்.

பூவலிங்கம் இரு துண்டுகளையும் துணியில் சுற்றிக்கொண்டு ஆசானிடம் போனார்.

"ஆசானே, ஓர் ஐயம்."

"கேளும்."

"ஓர் உண்மை பலரைப் புண்படுத்தும். ஒரு பொய் அவர்களை மகிழ்வாக வைத்திருக்கும். இரண்டையும் அறிந்தவன் எதைச் சொல்வது?"

ஆசான் ஒரு கட்டாரியின் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"பொய் யாருடையது?"

"பொதுவாகத்தான் கேட்டேன்."

"பொதுவான பொய் என்று ஒன்றை நான் கண்டதில்லை, பூவலிங்கம். ஒவ்வொரு பொய்க்கும் ஒரு வாய் உண்டு."

பூவலிங்கம் துணியை விரித்தார். ஆசான் அலகின் தண்டைத் திருப்பிப் படித்தார்.

"நாளை கீழமடையார் வருகிறார்கள், அல்லவா?"

"மேளத்தோடு வருகிறார்கள். இருளப்பனுக்குக் கோயில் கட்டி முடித்துவிட்டார்கள். வாளைக் கொடுக்க ராசாவும் இசைந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கருவறையில் நிறுத்துகிறார்கள்."

"அவனைக் கொன்ற வாளை."

பூவலிங்கம் தரையைப் பார்த்தார்.

"சரி, கரியடுப்பை மூட்டும். அரக்கு எடுத்து வாரும். பிடியைச் சேர்த்துவிடும்" என்றார் ஆசான்.

"சேர்த்துவிடுவதா?"

"அரக்கு ஆறிவிட்டால் இன்னும் மூன்று தலைமுறைக்கு அந்த எழுத்தை ஒருவரும் பார்க்கப் போவதில்லை. அவர்களுக்கும் மனம் நிறையும், உமக்கும் உறக்கம் வரும். இதைக் கேட்கத்தானே வந்தீர்?"

கிடைத்தற்கரிய விடை கிடைத்துவிட்டதைப் போலப் பூவலிங்கம் எழுந்தோடினார். அரக்கைப் பொடித்துச் செங்கல் தூளோடு கலந்தார். பிடிக்குள் இட்டு அனலில் காட்டினார். இளகியதும் அலகின் தண்டைச் செருகி, வாளை நேராக நிமிர்த்திப் பிடித்தார்.

அரக்கு ஆறும்வரை கை அசையக் கூடாது. தொழிலின் முதற்பாடம் அது. பூவலிங்கம் எத்தனையோ பிடிகளைச் சேர்த்தவர். அவர் சேர்த்த பிடி நூல் பிடித்தாற்போல் நிற்கும்.

அன்று கை நடுங்கியது. அரக்கு இறுகியபோது பிடி கோணலாக நின்றது.

"மீண்டும் செய்கிறேன்."

"செய்யும்."

மீண்டும் அனல். மீண்டும் அரக்கு. இடக்கையால் வலக்கையை இறுகப் பற்றிக்கொண்டு பார்த்தார். இரண்டு கைகளும் சேர்ந்து நடுங்கின. பிடி முன்னைவிடக் கோணியது.

மூன்றாம் முறை அனலில் காட்டிப் பிடியைக் கழற்றினார். இந்த முறை சேர்க்கவில்லை. இரு துண்டுகளையும் கீழே வைத்தார்.

"ஒன்பது ஆண்டுக்கு முன் நீங்கள் என்னைக் கேட்டீர்கள், பிடியைக் கழற்றிப் பார்த்தீரா என்று."

"கேட்டேன்."

"பார்த்தேன் என்றேன். நான் பார்க்கவில்லை, ஆசானே."

"தெரியும்."

பூவலிங்கம் நிமிர்ந்தார்.

"பிடியின் வாயில் இருந்த அரக்கு கறுத்து, மண்ணேறிக் கிடந்தது. கழற்றிச் சேர்த்திருந்தால் புது அரக்கு சிவந்திருக்குமே" என்றார் ஆசான். "ஏன் பார்க்கவில்லை?"

"கண்மாய்க்கரையிலேயே அவர்களிடம் சொல்லிவிட்டேன். அந்த வீட்டுச் சடைச்சியம்மாள் வாளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார்கள். அதன் பிறகு கழற்ற மனம் வரவில்லை. உள்ளே வேறு ஏதாவது எழுதியிருந்தால்?"

"ம்."

"தெரிந்தும் நீங்கள் ஏன் என்னைக் கண்டிக்கவில்லை?"

ஆசான் உறையைக் கீழே வைத்தார்.

"மண்டபத் திறப்புக்கு மூன்று நாள் இருந்தது. வீரனின் வாள் வந்திருக்கிறது என்று ராசா ஊருக்கெல்லாம் ஓலை அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை கேட்டால் நீர் உண்மையைச் சொல்லிவிடுவீர் என்று அஞ்சினேன். கேளாமல் இருந்துவிட்டேன். உம்முடைய பொய் ஒரு சொல்லோடு முடிந்தது. என்னுடையது ஒன்பது ஆண்டாக நடக்கிறது."

அனல் அவிந்துகொண்டிருந்தது.

"நாளை என்ன சொல்வது, ஆசானே?"

"நீர் பார்க்காததை நீர் சொல்லும். நான் கேளாததை நான் சொல்கிறேன்."

மறுநாள் காலை மேளச்சத்தம் அரண்மனை வாசலைத் தாண்டி மண்டபத்துக்குள்ளேயே வந்துவிட்டது. முன்னால் முத்திருளாண்டி. இருளப்பனின் வழியில் இன்று குடும்பத் தலைவர் அவர்தான். பக்கத்தில் அவருடைய அக்காள் சடைச்சி, கையில் ஆளுயர மாலையோடு.

"என்ன பெரியய்யா, பொண்ணு குடுக்கிற வீட்டு முகமா இருக்கும்னு வந்தா, எழவு வீட்டு முகமால்ல இருக்கு?" என்றாள் சடைச்சி. "வாளைப் பிரிய மனசில்லையோ?"

கூட்டம் சிரித்தது.

அவள் கண் மேசைமேல் போயிற்று. வெள்ளைத் துணியில் அலகு ஒருபுறம், பிடி ஒருபுறம்.

"இதென்னய்யா, நல்ல நாளும் அதுவுமா ரெண்டாப் போட்டு வச்சிருக்கீங்க?"

பூவலிங்கம் பேசினார். தண்டையும் எலும்பும் இருளப்பனுடையவை என்பதில் மாற்றமில்லை என்றார். வாள் வடகரையாருடையது என்றார். அது மார்பில் அணைத்த வாள் அன்று, மார்பில் பாய்ந்த வாள் என்றார். பிடியைக் கழற்றினால் அன்றே தெரிந்திருக்கும், கழற்றாமலே கழற்றினேன் என்று சொன்னேன் என்றார்.

மேளக்காரர் கை பாதியில் நின்றது.

"நெசமாவா?" என்றார் முத்திருளாண்டி.

"உண்மை."

"ஒம்பது வருசம். புள்ளைக்கு முடி எறக்கினா இங்க. பொண்ணுக்குத் தாலி செஞ்சா, இதுமேல வச்சு எடுத்துட்டுப் போறது. எங்க பூட்டன் நெஞ்சுல எறங்கின இரும்பையாய்யா தொட்டுத் தொட்டுக் கும்பிட்டோம்?"



முத்திருளாண்டி பிடியில்லாத அலகை அப்படியே பற்றி ஓங்கினார். அவருடைய உள்ளங்கை கிழிந்து, இரத்தம் தண்டின் எழுத்துகளில் இறங்கியது. இருபது ஆண்டு வாள் பிடித்த பூவலிங்கத்துக்கு அந்த வீச்சைத் தட்டிவிடத் தெரியும். அவர் தட்டவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.

"அவர் ஒருவர் மட்டுமல்லர்" என்று ஆசான் முன்னே வந்தார். "அவர் பார்க்கவில்லை என்பதை அறிந்தும் வாய் திறக்காதவன் நான். என்னையும் சேர்த்துக்கொள்ளும்."

"ஏலே, முத்து!" சடைச்சியின் குரல் மண்டபத்தின் மறுகோடிவரை போயிற்று. "கீழ போடு அதை. நம்ம வீட்டு ரத்தத்தை ஒருக்க குடிச்ச இரும்பு, இப்ப உன் ரத்தத்தையும் குடிக்குது. இன்னொருத்தர் ரத்தத்தையும் உன் கையாலயே கேக்குது. குடுக்கப் போறியா?"

ஓங்கிய கை வெகுநேரம் இறங்கவில்லை. பிறகு இறங்கியது. இரும்பு கல்தரையில் விழுந்து ஒலித்தது.

சடைச்சி முந்தானையைக் கிழித்துத் தம்பியின் கையைக் கட்டினாள். கட்டியபடியே பூவலிங்கத்தைக் கேட்டாள்.

"குத்தினவன் பேரு அதுல இருக்கா?"

"இல்லை அம்மா. எண் மட்டும்தான். நாற்பத்தொன்று."

"பேரில்லாத பய." அவள் கீழே கிடந்த அலகைப் பார்த்தாள். "குத்தின வாளை உருவாமப் போயிருக்கான்னா, அவனும் அங்கேயே எங்கயாவது விழுந்தானோ?"

"எனக்குத் தெரியாது, அம்மா."

ஒரு வாளைப் பற்றிப் பூவலிங்கம் தெரியாது என்று சொன்னது அதுவே முதல் முறை. சொன்ன பிறகும் மண்டபம் இடிந்து விழவில்லை.

சடைச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த ஒரு சொல்லை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேய்யா? தெரியாதுன்னா நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம்? வீட்டுல தண்டை இருக்கு. அதையே கோயில்ல வச்சிருப்போம். எங்களுக்கு அவன் காலு போதும்யா. வாளை யாரு கேட்டா?"

மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள். பின்னால் கூட்டம். கொட்டாத மேளத்தைச் சுமந்துகொண்டு மேளக்காரர் கடைசியாகப் போனார்.

"ராசாவிடம் நான் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஆசான் அரண்மனைக்குள் போனார். திரும்பி வந்தபோது வெயில் உச்சியைத் தொட்டிருந்தது. ராசா என்ன சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. பூவலிங்கமும் கேட்கவில்லை. அதற்குள் அவர் கல்தரையைக் கழுவி, அலகைத் துடைத்து, பலகையைச் சுவரிலிருந்து இறக்கியிருந்தார். மண்டபத்துச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து ஆசானின் முன்னே வைத்தார்.

"எனக்கு விடைகொடுங்கள், ஆசானே."

"எங்கே போகிறீர்?"

"எங்கேயாவது. இந்த மண்டபத்தில் நிற்க எனக்குத் தகுதியில்லை. அதை இன்று ஊரே கண்டுவிட்டது."

ஆசான் சாவியைத் தொடவில்லை. சுவர்களைப் பார்த்தார். வரிசை வரிசையாக வாள்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பலகை.

"இவற்றில் நீர் எழுதியவை எத்தனை?"

"நூற்றுப் பன்னிரண்டு."

"பிடி கழற்றிப் பார்த்து எழுதியவை?"

பூவலிங்கம் சுவரின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை மெல்லப் பார்த்துக்கொண்டே போனார்.

"முப்பது இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"இருபத்தாறு."

"மற்றவை?"

"தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள், ஆசானே. என்னைவிட நன்றாகப் பார்ப்பார்."

"பார்ப்பார். தேடினால் நாளைக்கே கிடைப்பார். பிடியைக் கழற்றுவார், எழுத்தைப் படிப்பார், பிழையிருந்தால் கண்டுபிடிப்பார்" என்றார் ஆசான். "அந்த எண்பத்தாறு வீட்டு வாசலிலும் போய் நின்று, 'நான் பார்க்காமல் சொன்னேன்' என்று சொல்ல அவரால் முடியுமா?"