விழுந்ததை எடுக்கும் ரோஸி

ஓணான்பாக்கத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். சிங்காரவேலு, தணிகாசலம், ஏகாம்பரம். மூன்று பேரும் ரொம்ப நல்லவர்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றி ஊரில் யாரும் எதுவும் சொல்வதில்லை.

சிங்காரவேலுவின் மகள் அகல்யாவுக்குச் சக்கர நாற்காலிதான். பிறந்ததிலிருந்தே காலில் பலமில்லை, கையிலும் பிடி நிற்காது. எழுதும்போது பென்சில் நழுவி விழுந்துவிடும். உடனே மூன்று பேரும் ஓடிவருவார்கள். ஒருவர் நாற்காலியைத் தூக்குவார், ஒருவர் கீழே தவழ்ந்து தேடுவார், ஒருவர் பென்சிலை மிதித்து ஒடிப்பார். அகல்யாவுக்கு அழுகை வரும். அழுதால் மறுபடி மூன்று பேரும் ஓடிவருவார்கள் என்பதால் அடக்கிக்கொள்வாள். அம்மா விடியற்காலையிலேயே கம்பெனி பஸ்ஸில் போய்விடுவாள். அந்த வீட்டுக்குப் புத்தி வந்து சேர்வது பொழுது சாய்ந்த பிறகுதான்.

அம்மா எங்கெங்கோ அலைந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவப் பழக்கிய ஒரு நாயைக் கேட்டு வாங்கினாள். பெயர் ரோஸி. அதைப் பழக்கிய ஹெப்சிபா மேடமே கூட்டிவந்து, மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்.

“கீழ விழுந்ததை நீங்க யாரும் எடுக்கக் கூடாது. ரோஸிதான் எடுக்கணும். எடுத்துப் பிள்ளைகிட்ட குடுக்கும். நீங்க எடுத்தீங்கன்னா அது வேலையை மறந்துடும். அடுத்த மாசம் வந்து பாப்பேன். சரியில்லேன்னா கூட்டிட்டுப் போயிடுவேன். இன்னொரு பிள்ளை காத்துக்கிட்டிருக்கு.”

மூன்று பேரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் அகல்யா ரோஸியின் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் வேண்டுமென்றே பென்சிலைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். யாரையும் கூப்பிடாமலே பென்சில் கைக்குத் திரும்பி வந்தது. முதல் தடவையாக ஒரு பக்கம் முழுக்க எழுதி முடித்தாள்.

பெரியவர்கள் கட்டுப்பாடாக இருந்தார்கள். கொடியிலிருந்து விழுந்த துணி விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஏகாம்பரம் தட்டிலிருந்து நழுவிய வடையை ரோஸிதான் எடுத்தது. அதை மட்டும் அகல்யாவிடம் கொண்டுபோகவில்லை.

வாசலில் ஒரு நாவல் மரம். பழம் கொட்டுகிற காலம். ரோஸி ஒன்றொன்றாகக் கவ்விவந்து அகல்யாவின் பாவாடையை ஊதாவாக்கிவிட்டு, அலுத்துப்போய்ப் படுத்துத் தூங்கியது. பழம் விழுந்தால்தானே வம்பு, விழுவதற்கு முன்பே பறித்துவிடலாம் என்று தணிகாசலம் மரத்தில் ஏறினார். கிளை ஒடிந்தது.

“தூக்குண்ணா,” என்றார் கீழே கிடந்தபடி.

சிங்காரவேலு கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார். “நீ விழுந்தியா, இறங்குனியா? யோசிச்சுச் சொல்லு.”

“விழுந்தேன்.”

“அப்ப நாங்க தொடக் கூடாது.”

“அப்படியே பாத்தாலும் கிளைதான் முதல்ல விழுந்தது,” என்றார் ஏகாம்பரம். “அதை எடுத்த பிறகுதான் சின்னண்ணன்.”

நியாயந்தான் என்று தணிகாசலமும் ஒத்துக்கொண்டார்.

சத்தத்தில் விழித்துக்கொண்ட ரோஸி கிளையை இழுத்துவந்து அகல்யாவிடம் சேர்த்தது. பிறகு போய்த் தணிகாசலத்தை முகர்ந்து பார்த்து, தூக்க முடிந்ததைத் தூக்கிவந்தது. அகல்யாவின் மடியில் சித்தப்பாவின் வேட்டி. சித்தப்பா கோடு போட்ட அண்டர்வேரோடு எறும்புகளுக்கு நடுவில் கிடந்தார்.

திட்டிப் பயனில்லை என்று அகல்யாவுக்குத் தெரியும். இவர்களிடம் போய்ச் சேர இவர்கள் போகிற வழியில்தான் போகவேண்டும்.

“சித்தப்பா, நீங்க விழுந்தது அப்பவே முடிஞ்சுபோச்சு. இப்ப நீங்க படுத்திருக்கீங்க.”

மூன்று பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். படுத்தவன் எழுந்திருக்கலாம், அதற்குத் தடை எதுவும் மேடம் சொல்லவில்லை என்று முடிவானது. தணிகாசலம் எழுந்து வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சொன்னபடி அடுத்த மாதம் ஹெப்சிபா மேடம் வந்தார். வாசலில் நசுங்கிய பழமும் துணியும் கரண்டியும் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. இது சரிப்படாது என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து நாய்ச் சங்கிலியை எடுத்தார். எழுதிக்கொண்டிருந்த அகல்யா பென்சிலும் கையுமாக நிமிர்ந்தாள். மேடம் இரண்டடி வைத்தார். நாவல்பழம் வழுக்கியது. மல்லாந்து விழுந்தார்.

மூன்று பேரும் ஓடிவந்து, கை எட்டும் தூரத்தில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

“பயப்படாதீங்க மேடம்,” என்றார் சிங்காரவேலு. “நீங்க சொன்னதை ஒரு நாளும் மீறலை. ரோஸி வரும்.”

ரோஸி வந்தது. மேடத்தின் கையருகே கிடந்த சங்கிலியைக் கவ்விப்போய் அகல்யாவிடம் கொடுத்தது. அடுத்து ஒரு செருப்பைக் கவ்வியது. சங்கிலியை இறுக்கிப் பிடிக்கப் பார்த்ததில் அகல்யாவின் கையிலிருந்து பென்சில் விழுந்தது. அந்தச் சின்னச் சத்தத்துக்கு ரோஸி செருப்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடி, பென்சிலை எடுத்து, அவள் விரல்களுக்கு நடுவில் பதமாக வைத்தது.

தரையோடு தரையாகக் கிடந்த மேடத்துக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

“ரோஸி இங்கயே இருக்கட்டும்,” என்றார். “இந்த வீட்டுல உனக்கு அதை விட்டா வேற யாரும்மா இருக்கா? சரி, இப்ப என்னை யாராவது தூக்குங்க.”

யாரும் அசையவில்லை. அகல்யா நாற்காலியிலிருந்து குனிந்து, மெதுவாகச் சொன்னாள். “‘படுத்திருக்கேன்’னு சொல்லுங்க மேடம். அப்பத்தான் ஆகும்.”

மேடம் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

“படுத்திருக்கேன்,” என்றார்.

மூன்று பேருக்கும் முகம் மலர்ந்தது. சிங்காரவேலு பாய் எடுத்துவந்தார், தணிகாசலம் தலையணை எடுத்துவந்தார். ஏகாம்பரம் உதட்டில் விரலை வைத்து ரோஸியை அடக்கிவிட்டு, அவங்க தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் சத்தம் போடக் கூடாது என்று விசிற ஆரம்பித்தார்.