மாமன் பொருந்திய கல்யாணப் படம்

கோணம்பாளையத்தில் யாரும் அவசரப்பட்டு முட்டாள்தனம் செய்வதில்லை. உட்கார்ந்து பேசி, எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் செய்வார்கள்.

அந்த ஊரில் கல்யாண வீடியோ எடுக்க ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. மூன்று பேர் நடத்துகிறார்கள். மாரப்பன் யோசிப்பார். அர்த்தநாரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மவுஸைப் பிடித்துக்கொள்வார். சென்னியப்பன் இருவருக்கும் தலையாட்டுவார். முதலாளி அவர்தான்.

வேலாத்தாவின் மகள் தாரணி கல்யாணத்தை இவர்கள்தான் எடுத்தார்கள். வேலாத்தாவின் அண்ணன் அங்கமுத்து குவைத்தில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. தன் அறையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று அட்சதை தூவுவதைச் செல்போனில் எடுத்து அனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. தாலி கட்டும்போது தாய்மாமன் படத்தில் நிற்க வேண்டும். ஊருக்கு வந்ததும் போட்டுப் பார்ப்பார். நிற்கவில்லை என்றால் தங்கச்சி வாசலை மிதிக்க மாட்டார்.

"எங்கண்ணன் சொன்னா சொன்னதுதானுங்க," என்றாள் வேலாத்தா. "கெணத்துத் தகராறுல எங்க சித்தப்பங்கிட்டப் பேச்ச விட்டவரு. சித்தப்பன் செத்தப்ப வந்தாரு. பொணத்துக்கிட்டக்கூடப் பேசலைங்க. எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது அவரொருத்தருதான்."

"கவலப்படாதீங்கக்கா," என்றார் சென்னியப்பன். "நாங்க பாத்துக்கறோம்."

வேலாத்தா அப்போதே கவலைப்பட்டிருக்க வேண்டும்.

கல்யாணக் காட்சி படுத்த செவ்வகம். மாமன் காட்சி நின்ற செவ்வகம். அர்த்தநாரி ஒன்றின்மேல் ஒன்றை வைத்தார். மாமன் திரைக்கு நடுவே கதவு போல நின்றார். பெண்ணும் மாப்பிள்ளையும் கதவுக்குப் பின்னால் போய்விட்டார்கள். ஒரு பக்கம் நாதஸ்வரத்தின் நுனியும், மறுபக்கம் தாலி எடுத்துக் கொடுக்கும் அருமைக்காரரின் முழங்கையும் மட்டும் மிஞ்சின.

ஈரோட்டில் இவர்களுக்குக் கம்ப்யூட்டர் விற்றவர் கதிர்வேல். விற்ற பாவத்துக்கு ஃபோனை எடுப்பார்.

"அளவு ஒத்துப்போகலைங்களா? ஓரத்தப் புடிச்சு இழுங்க, திரை ரொம்பற வரைக்கும்," என்றார் கதிர்வேல்.

அர்த்தநாரி இழுத்தார். மாமன் அகலமானார். கழுத்து மறைந்தது. காது இரண்டும் திரையின் இரண்டு கோடிக்குப் போயின. ஃபிரிட்ஜுக்கு இன்னொரு கதவு வைக்கலாம் போலிருந்தது.

"குவைத்துல நல்லாத்தான் சாப்படறாரு," என்றார் சென்னியப்பன்.

"அந்த ஊருத் தண்ணி அப்படி," என்றார் மாரப்பன்.

பார்க்க வந்த வேலாத்தா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, அண்ணனுக்கு நீர் கோத்து உடம்பு வீங்கிவிட்டது என்று பயந்து குவைத்துக்கு ஃபோன் போட்டு, "அண்ணா, ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதுங்களா?" என்று கேட்டாள். தங்கச்சி எதற்காக அப்படிக் கேட்டாள் என்று அங்கமுத்துவுக்கு இன்றுவரை தெரியாது.

மறுபடியும் கதிர்வேல். "அகலத்த மட்டும் இழுத்தா அப்படித்தானுங்க. நீளம் அகலம் ரெண்டையும் சேத்துப் பெருசாக்குங்க. மேலயும் கீழயும் கொஞ்சம் வெட்டுப்படும். பரவால்ல."

பெரிதாக்கினார்கள். மேலே தலை வெட்டுப்பட்டது. கீழே இடுப்புக்குக் கீழ் எல்லாம் வெட்டுப்பட்டது. சட்டைப்பையும் அதில் ஒரு பேனாவும் திரை முழுக்க நின்று அட்சதை தூவின.

"இது மாமன்தான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அர்த்தநாரி.

மாரப்பன் யோசித்தார். "வேற எவன் கல்யாணத்துக்குப் பேனா வெச்சுட்டு வருவான்?"

"தல இல்லையே?"

"தலைல என்ன இருக்குது? தூவறது கைதான?"

சென்னியப்பன் தலையாட்டினார். ஆனால் வேலாத்தா ஒப்பவில்லை. தாய்மாமனுக்கு முகம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். கோணம்பாளையத்தில் இதுபோல ஒன்றிரண்டு பேர் இருந்து காரியத்தைக் கெடுப்பார்கள்.

மூன்றாம் முறை கதிர்வேல் மெதுவாகச் சொன்னார். "அவரச் சின்னதாக்குங்க. ஒரு மூலையில வைங்க. பொண்ணு மாப்ள தெரிவாங்க, மாமனும் தெரிவாரு. அவ்வளவுதான் விசயம்."

அவ்வளவுதான் விஷயம். அதனால்தான் நடக்கவில்லை.

"தாய்மாமன மூலையில வெக்கறதா?" என்றார் மாரப்பன். "சபை நடுவுல நிக்க வேண்டியவரு. பந்தியிலகூட மூலையில உக்கார மாட்டாரு."

"அதுவும் சின்னதாக்கி," என்றார் அர்த்தநாரி.

"சின்னதாக்கறதுன்னா என்ன? மட்டம் தட்டறது. ஈரோட்டுக்காரனுக்கு முறை தெரியாது."

வேலாத்தாவும் முதல்முறையாக ஒப்புக்கொண்டாள். அண்ணனைக் கட்டைவிரல் அளவுக்குக் காட்டினால் அவர் தங்கச்சியையே கைகழுவிவிடுவார் என்றாள். மூலை யோசனை கைவிடப்பட்டது.

நான்காம் முறை கதிர்வேல் கத்திவிட்டார். "ஏனுங்க, எடுக்கும்போதே ரெண்டையும் ஒரே அளவுல எடுத்திருக்கோணும்! இப்ப வந்து என்னைக் கேட்டா?"

மாரப்பன் ஃபோனை மரியாதையாக வைத்தார். "இத முதல்லயே சொல்லியிருக்கலாம்."

மாமனைத் திரும்ப எடுக்க முடியாது, குவைத்தில் இருக்கிறார். கல்யாணம் உள்ளூர்தானே. அதைத் திரும்ப எடுப்பதாக முடிவானது. மறுபடி பந்தி உண்டு என்று தெரிந்ததும் உறவுகள் எல்லாம் மொய் மட்டும் இல்லாமல் வந்தார்கள்.

கேமராவைச் செல்போன் போல நிமிர்த்தி, துண்டால் ஸ்டாண்டில் கட்டினார்கள். இப்போது படச்சட்டத்துக்குள் உயரம் நிறைய இருந்தது, அகலம் இல்லை. அதனால் கல்யாணத்தையும் நிமிர்த்த வேண்டியதாயிற்று. பெயிண்ட் அடிக்கிற ஏணி வந்தது. மாப்பிள்ளை கவின் மேல்படியில் நின்றான். அவனுக்குக் கீழே தாரணி. அதற்கும் கீழே அருமைக்காரர், தாலித்தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி.

"இறங்கி வந்து கட்டட்டுங்களா?" என்று மேலிருந்து கேட்டான் கவின்.

"அளவு மாறிப்போகும் மாப்ள. குனிஞ்சே கட்டுங்க," என்றார் மாரப்பன்.

அந்த நேரத்தில் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. எதிர்பாராமல் லீவு கிடைத்து அங்கமுத்து பெட்டியோடு இறங்கினார். அளவான ஆள்தான், பேனாவும் சட்டைப்பையில் இருந்தது. நேரே ஏணியருகே போய், மருமகள் பக்கத்தில் நின்று, அட்சதைக்குக் கை நீட்டினார்.

"அண்ணா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க," என்றார் மாரப்பன். "மறைக்குது. உங்களப் படத்துல போடறதுக்குத்தான் இத்தன பாடு."

அங்கமுத்துவும் கோணம்பாளையத்தில் பிறந்தவர்தான். சொன்னதில் இருந்த நியாயம் அவருக்கு உடனே புரிந்தது. கேமராவுக்குப் பின்னால் போய், யாருக்கும் மறைக்காமல், பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் வேலாத்தா வீட்டில் படம் போட்டார்கள். அண்ணனுக்கு நாற்காலி. வேலாத்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டு காட்சிகளும் ஒரே அளவு. ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. மேளம் கொட்டியது. தலைமுதல் கால்வரை மாமன் நின்றார், பக்கத்தில் ஃபிரிட்ஜ் நின்றது. ஒரு இம்மி கல்யாணம்கூட வெளியே தெரியவில்லை.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெகு சுத்தமான வேலை.

படம் முடிந்தது. அங்கமுத்து துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா நடந்திருக்குது, வேலாத்தா. நேர்ல வரத்தான் எனக்குக் கொடுத்து வெக்கல."

"அதனாலென்னண்ணா," என்றாள் வேலாத்தா. "பொண்ணும் மாப்ளயுமே வரல. நீங்க வந்துட்டீங்க."