தவிட்டுப்புதூர் தங்கப் பதக்க வழக்கு

தவிட்டுப்புதூர்க்காரர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே சம்பந்திகள் இருக்கிறார்கள். சுற்றியுள்ள பதினேழு ஊர்கள் அப்படிச் சொல்கின்றன. அவர்களோடு நான் சண்டைக்குப் போனதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் தேர்வடம் இழுக்க எட்டுப் பேர் உண்டு. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு மூளை, அதையும் வாய்க்கால் தண்ணீர் மாதிரி முறைவைத்துத்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது பக்கத்து ஊர்ப் பேச்சு. ஆனால் தோள்களோ எட்டுப் பேருக்கும் தனித்தனி, ஒவ்வொன்றும் உரல் பருமன். தலைவர் சென்னியப்பன். நாச்சிமுத்து எட்டாம் வகுப்புவரை படித்தவர், அதிலும் எட்டாம் வகுப்பை மூன்று முறை படித்தவர். ஆகவே சட்டம், இலக்கணம் இரண்டும் அவர் பொறுப்பு. சந்தேகம் கேட்பது குப்பணனின் பொறுப்பு. மற்ற ஐவருக்கும் தலையாட்டுவது.

இவர்கள் உலகக் கயிறிழுப்புப் போட்டிக்குப் போனது அரசியலால். நாட்டில் அகிலக் கயிறிழுப்புச் சங்கம் என்று ஒன்றும், அனைத்துக் கயிறிழுப்புச் சங்கம் என்று ஒன்றும் இருந்தன. எது அசல் சங்கம் என்று இரண்டும் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்தன. கயிற்றை இழுத்து வருஷம் பன்னிரண்டாகிவிட்டது. சலித்துப்போன நீதிபதி, “எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இல்லாத ஓர் அணியை அனுப்புங்கள்” என்று சொல்லிவிட்டார். தேடினால், நாடு முழுக்க அப்படி இருந்தது தவிட்டுப்புதூர் மட்டும்தான்.

அவர்களும் சேராமலிருக்க முயன்றவர்கள் இல்லை. இரண்டு சங்கத்துப் படிவத்தையும் வாங்கினார்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘இங்கே எதுவும் எழுதக் கூடாது’ என்றிருந்தது. சரி, இங்கே வேண்டாமென்று பக்கத்து ஊருக்கு எடுத்துப் போனார்கள். அங்கே பிரித்தாலும் படிவம் ‘இங்கே எழுதக் கூடாது’ என்றே சொன்னது. ஒன்பது ஊர் சுற்றிவிட்டு, எழுதுவதற்குத் தோதான ஊர் கிடைக்கவில்லை என்று திரும்பிவிட்டார்கள்.

போட்டி நடந்தது கடல் தாண்டி, ஒரு குளிர் நாட்டில். அணிக்குப் பயிற்சியாளர் யாருமில்லை. கோயில் தர்மகர்த்தா சொல்லி அனுப்பியது ஒரே வாக்கியம்: “வடத்தப் புடிச்சா, தேரு நெலைக்கு வர்ற வரைக்கும் உடக் கூடாது.”

விடவில்லை. இறுதிப் போட்டியில் எதிரணியைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்தார்கள். நடுவர் சீட்டி அடித்தார். தேர் நிலைக்கு வந்ததாக யாரும் சொல்லாததால் மைதானத்துக்கு வெளியேயும் இழுத்தார்கள். அந்த ஊரின் நான்கு வீதிகளிலும் எதிரணியை வலம் வரச் செய்து, முக்குக்கு முக்கு நிறுத்தி மூச்சு வாங்கவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் கயிற்றைக் கீழே வைத்தார்கள். எதிரணியினர் நல்லவர்கள், இரண்டாம் வீதியிலிருந்து தாங்களே நடந்து வந்தார்கள். அவர்கள் நாட்டுத் தூதரகம் கண்டனக் கடிதம் எழுதியது. ஆனால் ஜெயித்த பிறகு இழுக்கக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை. தங்கம் தவிட்டுப்புதூருக்கே.

எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே பதக்கம். தலைவர் கழுத்தில் போட்டார்கள். சென்னியப்பன் அதோடு குளித்தார், அதோடு உறங்கினார். மனைவி பாவாயிக்கு உடனே போன் போட்டார்.

“பாவாயி, இனி அந்தப் பதினேழு ஊர்க்காரனும் நம்மள முட்டாளும்பானா? வாரச்சந்தைக்குள்ள இதப் போட்டுட்டு ஒருவாட்டி நடந்தாப் போதும் புள்ள.”

அந்த ஆசை எனக்குப் புரிகிறது. நாற்பத்தாறு வருஷமாகச் சந்தைக்குள் காலெடுத்து வைத்த உடனே சிரிப்புச் சத்தம் கேட்ட மனுஷன். ஒரு நாளாவது சிரிக்காமல் பார்க்கட்டும் என்று நினைத்தார்.

மறுநாள் விடுதிக்கு ஊக்கமருந்துச் சோதனை அதிகாரி வந்தார். கூடவே சகுந்தலா என்கிற மொழிபெயர்ப்பாளர் அம்மாள். பேச்சுத் தமிழே வாயில் வராத அளவுக்குத் தமிழ் படித்தவர். எட்டுப் புட்டிகளை மேஜைமேல் வைத்து, “வீரர்கள் ஒவ்வொருவரும் சிறுநீர் மாதிரி கொடுக்க வேண்டும்” என்றார்.

எட்டுப் பேரும் ஒரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கண்காணிக்க வந்த அதிகாரி, கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏனுங் நாச்சிமுத்தண்ணா, சிறுநீருன்னா ஒண்ணுக்குத்தானுங்களே?” என்றார் குப்பணன்.

“ஆமா. படிச்சவங்க அப்படிச் சொல்லுவாங்க.”

“அப்ப போய்ட்டு வந்துருலாமுங்களா? எனக்கு ரொம்ப நேரமா முட்டுதுங்.”

“பொறு. சிறுநீரா கேட்டாங்க? சிறுநீர் மாதிரின்னு கேட்டாங்க. நம்மூர்ப் பேப்பர்ல நம்ம தலைவரப் ‘புலி மாதிரி இழுத்தார்’னு போட்டிருந்துச்சே, தலைவர் புலியா?”

எல்லாரும் சென்னியப்பனைக் கவனமாகப் பார்த்தார்கள். “இல்லீங்” என்றார்கள்.

“அப்ப சிறுநீர் மாதிரின்னா என்ன அர்த்தம்? அது சிறுநீரா இருக்கவே கூடாது. ஆனா பாத்தா அப்படியே இருக்கோணும்.”

சென்னியப்பனுக்கு இது மனசுக்கு இதமாக இருந்தது. “நானும் அதத்தான் நெனச்சேன். அவ்வளவு தூரம் படிச்ச பொம்பளப்புள்ள கையில அசலக் குடுத்தா மரியாதையாவா இருக்கும்?”

என்ன கொடுப்பது என்று அரை மணி நேரம் ஆலோசித்தார்கள். ரசத் தெளிவு என்றார் ஒருவர். வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று தள்ளினார்கள். கடைசியில் பாவாயி கட்டிக் கொடுத்திருந்த சுக்குத்தூளும் கருப்பட்டியும் பையில் இருந்தன. அறையில் வெந்நீர்க் கெட்டில் இருந்தது. அசலின் நிறம் தப்பிவிடக் கூடாதென்று குப்பணனை மூன்று முறை கழிப்பறைக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார்கள். அவருக்கும் அது உதவியாக இருந்தது. அவர் சொன்ன கணக்குக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி நிறம் சேர்த்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, எட்டுப் புட்டியையும் நிரப்பிக் கொடுத்தார்கள். சூடு பதமாக இருந்தது. அதிகாரிக்குச் சந்தேகமே வரவில்லை.

சோதனைக்கூடத்தில் வழக்கம்போல் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, முதல் மாதிரி, இரண்டாம் மாதிரி என்று எழுதி வைத்தார்கள். அறிக்கை வந்தது. ‘தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லை. சுக்கு உண்டு. ஏலக்காய் உண்டு. இத்திரவம் எந்த மனித உடம்பின் வழியாகவும் வந்ததற்கான தடயம் இல்லை.’

மாதிரியில் முறைகேடு என்று சர்வதேசச் சங்கம் வழக்குப் போட்டது. குற்றம் நிரூபணமானால் பதக்கம் போய்விடும். தங்கம் வந்த அன்று ‘எங்கள் பிள்ளைகள்’ என்று தனித்தனியாக மாலையோடு அறிக்கை விட்ட அகிலமும் அனைத்தும், கேஸ் வந்த அன்று ‘யார் பெற்ற பிள்ளைகளோ’ என்றன. அந்த ஒரு விஷயத்தில்தான் பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக இரண்டும் ஒத்துப்போயின. அங்கேயே குடியிருந்த அறவாழி என்கிற தமிழ் வக்கீல் இரக்கப்பட்டு வழக்கை எடுத்துக்கொண்டார். அவர் கெட்டிக்காரர். சோதனைக்கூடத்தைக் குடைந்து, ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

எட்டு இரண்டாம் மாதிரிகளையும் காணோம்.

விளையாட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள். சோதனைக்கூட அதிகாரியைக் கூண்டில் ஏற்றி அறவாழி கேட்டார்: “இரண்டாம் மாதிரிகள் எங்கே?”

அவர் தலை குனிந்தார். “எனக்குக் கடுமையான சளி. வாசனை இழுத்தது. தினமும் காலையில் ஒரு புட்டி வீதம்... எட்டு நாள்.”

“இப்போது சளி எப்படி இருக்கிறது?” என்றார் தலைமை நீதிபதி.

“பூரண குணம், ஐயா.”

இரண்டாம் மாதிரி இல்லாவிட்டால் வழக்கே நிற்காது; விதி அப்படி. அறவாழி அன்று காலையிலேயே எட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்திச் சொல்லியிருந்தார். “ஜெயித்தாகிவிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. யாரும் வாயைத் திறக்கவே கூடாது.” அந்த நிமிஷம் மூடிய வாயைக் குப்பணன் காலைச் சாப்பாட்டுக்குக்கூடத் திறக்கவில்லை.

தலைமை நீதிபதி பேனாவை எடுத்தார். “எட்டுப் புட்டிகளும் காலியாக இருப்பதால் இந்த வழக்கை...”

சென்னியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. நம்மால் ஒரு சபையில் குறை வருவதா? காலிப் புட்டிக்காகப் பாவம் அந்தச் சளிக்காரர் கூண்டில் நிற்பதா? எழுந்தார். உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டார். பையிலிருந்து சுக்குக் காப்பி பிளாஸ்க்கை எடுத்து, நீதிபதிகள் முன்னால் வைத்திருந்த எட்டுப் புட்டியையும் கழுத்துவரை நிரப்பினார். சிந்தியதைத் துண்டால் துடைத்தார். சளிக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றை நகர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கடைசிவரை வாயைத் திறக்கவே இல்லை. அதை அறவாழியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அப்போது அவர் மேஜைமேல் கவிழ்ந்திருந்தார்.

தீர்ப்பு இரண்டே வரி. ஒன்று: அணித்தலைவர் ஏழு நாளுக்குள் தன் கையாலேயே பதக்கத்தைக் கழற்றிச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டு: இந்த நிமிஷம் முதல் ஈராண்டுக்கு எட்டுப் பேரும் எந்தக் கயிற்றையும் கையால் தொடக் கூடாது. ஒப்படைப்பதை ஊரில் வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று கருணை காட்டினார்கள். சென்னியப்பன் அழுதார். வாயைத் திறக்காமல் அழுவது சிரமம். மூக்காலேயே அழுது முடித்தார்.

ஊருக்கு வந்ததும் தடை அமலுக்கு வந்தது. கிணற்றடியில் எட்டுப் பேரும் கையைக் கட்டி நின்றார்கள்; மனைவிமார்கள் இறைத்தார்கள். குப்பணனின் மாடு முளைக்குச்சியோடு பிடுங்கிக்கொண்டு சோளக்காட்டில் இறங்கியது. கயிற்றைத் தொடாமல் அதன் முன்னால் உட்கார்ந்து, நியாயம் அநியாயம் எடுத்துச் சொன்னார். அது முழுசாகக் கேட்டுக்கொண்டே மேய்ந்தது. அரைஞாண் கயிறும் கயிறுதானே என்று நாச்சிமுத்து தீர்ப்புக்கு விளக்கம் கொடுத்தார். ஆகவே கோவணம் கட்டியிருந்தவர் கட்டியபடி, அவிழ்த்திருந்தவர் அவிழ்த்தபடி.

ஏழாம் நாள் சங்கத்து அதிகாரி சகுந்தலா அம்மாளோடு வந்து இறங்கினார். ஊரே கூடியது. சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதக்கத்துக் கயிற்றை நோக்கிக் கையைத் தூக்கினார்.

“தொடாதீங்!” என்று கத்தினார் நாச்சிமுத்து. “அது கயிறு!”

தூக்கிய கை அப்படியே நின்றது. “கழுத்துல படுதுங்களே?” என்றார் குப்பணன்.

“கையாலதான் தொடக் கூடாது. கழுத்துக்குத் தடையில்ல.”

அதிகாரிக்கு விஷயம் போய்ச் சேரச் சற்று நேரமாயிற்று. பிறகு, “நானே கழற்றிக்கொள்கிறேன்” என்றார்.

“அதெப்படிங்? ‘தன் கையாலேயே’ன்னு எழுதியிருக்குது. நீங்க கழட்டினா அது உங்க கைங்களே” என்றார் நாச்சிமுத்து.

“கத்தரிக்கோலால் வெட்டலாமே!”

பாவாயி முன்னால் வந்தாள். “கழுத்துல கெடக்கற கயித்த அறுக்கறதா? அந்தப் பேச்சே இந்த ஊருக்குள்ள ஆகாதுங். போய் வேற ரோசனை கொண்டாங்.”

சென்னியப்பன் கையைத் தூக்கியபடியே அதிகாரியைக் கெஞ்சினார். “சட்டத்த மீறமாட்டமுங்க. ரெண்டுல எத மீறோணும்னு நீங்களே எழுதிக் குடுத்துருங், மீறிப்போடறேன்.”

அப்படி எழுதிக் கொடுக்க அதிகாரிக்கு அதிகாரம் இல்லை. நீதிமன்றத்துக்குத் தகவல் போனது. மூன்று நீதிபதிகளும் மூன்று நாள் உட்கார்ந்து விவாதித்தார்கள். ஒருவர் கயிறா ரிப்பனா என்று கேட்டார். ஒருவர் கழுத்து கையின் தொடர்ச்சியா என்று கேட்டார். மூன்றாமவர் சுக்குக் காப்பி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். நான்காம் நாள் உத்தரவு வந்தது; சகுந்தலா அம்மாள் நிறுத்தி நிதானமாக வாசித்தார்:

“தடைக்காலம் முடியும்வரை பதக்கம் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். ஆயினும் பதக்கம் சங்கத்தின் உடைமை. எனவே அது இருக்கும் இடமும் சங்கத்துக்கே உரியது. திரு. சென்னியப்பனின் கழுத்து இன்று முதல் சர்வதேசக் கயிறிழுப்புச் சங்கத்தின் கிளை அலுவலகமாகக் கருதப்படும்.”

அந்த வாரமே சென்னியப்பன் சந்தைக்குப் போனார். சட்டைப் பொத்தானைத் திறந்து விட்டிருந்தார். பதினேழு ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. கூட்டம் வழிவிட்டது. நாற்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு, பின்னாலிருந்து ஒரு குரல் மரியாதையாகக் கூப்பிட்டது.

“ஏனுங் சென்னியப்பண்ணா, கொஞ்சம் இப்படித் திரும்புங். அந்தப் பதக்கத்தக் கண்ணாரப் பாத்துக்கறோம்.”

சென்னியப்பன் நடையை நிறுத்தினார். ஆனால் அசையவில்லை. நேரே பார்த்தபடி சொன்னார்:

“இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்களே, ஆபீஸ் லீவு. நாளைக்குப் பத்து மணிக்கு மேல வாங், கழுத்து திரும்பும்.”