காண்டவ வனத்தில் ஒரு கோடு

கலைக்கூடத்திலிருந்து நேராக வந்து மாடிப்படி ஏறிய மாசிலாமணி, செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உங்க படத்துக்குக் கீழே என்ன எழுதி வெச்சிருக்கான் தெரியுமா, வாத்தியாரம்மா?”

சுடர்க்கொடி மரப்பலகை ஒன்றின் மேல் குனிந்திருந்தாள். வயதில் அவள் இளையவள். ஆனால் மரத்தைச் செதுக்கி அச்செடுக்கும் வித்தை அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதனால் அவள் வாத்தியார், அவர் மாணவர். காலமெல்லாம் துண்டறிக்கை எழுதி, பசை வாளியோடு அலைந்து, சுவர் சுவராக ஒட்டியவர் மாசிலாமணி. எவன் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை என்பது அவருடைய பெருமை. இவளிடம் மட்டும் ஆறு மாதமாக உளி தீட்டிக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்கண்ணே.”

“அக்கினி பகவானுக்குப் பெருவிருந்து. புராணக் காட்சி. கலைஞரின் கற்பனை. அப்படி எழுதியிருக்கான். கற்பனையாம்.”

“செருப்பு.”

அவர் திரும்பிப் போய்க் கழற்றி எறிந்துவிட்டு வந்தார்.

அந்தப் படம் காண்டவ வனம் எரிந்த கதை. அக்கினிக்குப் பசி எடுத்தது. ஒரு காட்டையே கேட்டான். காட்டில் குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அருச்சுனன் அம்புகளாலேயே சுவர் கட்டினான், கூரையும் போட்டான். தப்பி ஓடி வந்ததையெல்லாம் அடித்து மறுபடியும் நெருப்பிலேயே தள்ளினார்கள். இதை வீரம் என்று சொல்லித்தான் நமக்குக் கதை சொன்னார்கள்.

கால்வாய்க்கரைக் குடிசைகள் எரிந்த வருடம் சுடர்க்கொடி அதைச் செதுக்கினாள். எறும்புகூட நுழைய முடியாதபடி அம்புகளை நெருக்கி வைத்தாள். உள்ளே குட்டியை வாயில் கவ்விக்கொண்டு தலை தூக்கும் பாம்பு. மான்கள். அவற்றுக்கு நடுவே கால்வாய்க்கரை ஜனங்கள். இட்லிக் குண்டானோடு நிற்பவள் தாயாரம்மா, மாசிலாமணியின் தங்கை.

அந்தத் தீ தானாகப் பிடித்ததாம். மூன்று மூலைகளில் ஒரே நேரத்தில் தானாகப் பிடித்துக்கொள்கிற தீ. சாம்பல் ஆறுவதற்குள் வேலிக்கம்பி வந்து இறங்கியது. இப்போது அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த கலைக்கூடம் நிற்கிறது. தாயாரம்மா வெளியே வரவில்லை. அவள் போட்டோவும் குடிசையோடு போனது. அந்தப் படத்தை அச்செடுத்துச் சுவர்களில் ஒட்டிய தாள்களை மழை தின்றுவிட்டது. அவள் முகம் மிச்சமிருப்பது கலைக்கூடத்தின் கண்ணாடிக்குள் ஒரு தாளிலும், இங்கே சுவரில் சாய்த்து வைத்திருக்கும் அதன் பலகையிலும்தான்.

“ஒரு பொண்ணு வந்தவங்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லுது. கோடுகளோட லயத்தைப் பாருங்கங்குது. ‘தாயி, நீ நிக்கிறியே, அங்கதான் என் தங்கச்சி அடுப்பு இருந்தது’ன்னேன். ‘தள்ளி நில்லுங்க சார், கண்ணாடியைத் தொடாதீங்க’ன்னுச்சு.”

“தொட்டீங்களா?”

“தொட்டேன்.”

சுடர்க்கொடி சிரித்தாள்.

“சிரிக்காதீங்கம்மா. ஏன் அவனுக்குக் குடுத்தீங்க?”

“அந்த இடத்துல அந்தப் படம் தொங்கணும்னு நினைச்சேன்.”

“தொங்குது. கருவாடு மாதிரி தொங்குது.”

அவள் உளியைக் கீழே வைத்தாள். “இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குண்ணே. நாளைக்கு அவங்க ஆள் வருவான். அதுக்குள்ள பலகையில கோடு இழுக்கணும்.”

மாசிலாமணிக்கு அந்த வழக்கம் தெரியும். படம் கலைக்கூடத்துக்குப் போனபின், அதை அச்செடுத்த பலகையில் ஆழமாக ஒரு கோடு வெட்டிக் கெடுத்துவிடச் சொல்வார்கள். பிறகு அந்தப் படம் வேறெங்கும் பிறக்காது. பூட்டி வைத்திருப்பவனிடம் மட்டும் இருக்கும்.

“ஒத்துக்கிட்டீங்களா?”

“அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் மாட்டுவோம்னாங்க. வாக்குக் குடுத்துட்டேன்.”

“யாருக்கு வாக்கு? பட்டா தர்றேன்னவன் தந்தானா? மாற்று இடம் தர்றேன்னவன் தந்தானா? வாக்கைக் காப்பாத்தறது நம்ம தலையெழுத்து மட்டும்தானா? குடிசையை எரிச்சான். இடத்தை எடுத்தான். இப்போ படத்தையும் எடுத்துக்கிட்டு, பலகையையும் உங்க கையாலயே வெட்டுங்கறான். நீங்களும் சரிங்கறீங்க.”

“சரின்னுதான் சொன்னேன்.”

“அவ முகம் வேற எங்கயும் இல்லம்மா.”

“தெரியும்.”

அவள் எழுந்து சுவரில் சாய்த்திருந்த பலகையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தீட்டிய உளிகளில் அகலமான ஒன்றைப் பொறுக்கி நீட்டினாள்.

“ஆறு மாசமா பலகை குடு, பலகை குடுன்னு உயிரை வாங்கினீங்களே. இந்தாங்க.”

“நானா?”

“ஒரு கோடு. இந்த விளிம்புல தொடங்கி அந்த விளிம்புல முடியணும். ஆழமா இருக்கணும். அவங்க கேட்டது அவ்வளவுதான்.”

“நீங்களே பண்ணிக்குங்க. இந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

“நான் பண்ணினா ஸ்கேல் வெச்சு நேரா இழுத்துடுவேன்.”

மாசிலாமணி பலகையைப் பார்த்தார். எந்தப் பக்கமிருந்து நேராக இழுத்தாலும் யாராவது ஒருவருடைய முகத்தில் ஏறித்தான் போக வேண்டும். உளியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

விளிம்பில் அம்புகள் இருந்தன. அங்கே குத்தித் தொடங்கினார். மரம் கெட்டி. ஒவ்வொரு தள்ளுக்கும் கலைக்கூடத்துக்காரனின் பரம்பரையை இழுத்து ஒரு வசை வைத்தார். சுடர்க்கொடி காதில் வாங்காதவள் போல மை குழைத்துக்கொண்டிருந்தாள். அம்புகளைத் தாண்டியதும் நெருப்பு. நெருப்பை வெட்டுவதில் அவருக்குத் தயக்கமில்லை. பாம்பின் தலை வந்தபோது அதைத் தொடாமல் கோட்டை வளைத்தார். பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒதுங்கினார். தாயாரம்மா வந்தாள். வசை நின்றது. வியர்வை பலகையில் சொட்டாமல் துண்டால் துடைத்துக்கொண்டு, அவள் பாதத்துக்குக் கீழே உளியை மெல்ல நகர்த்திக் கடந்தார். மானின் முதுகுக்கு மேலே போய், மறுபடியும் அம்புகளைப் பிளந்து, மறு விளிம்பில் வெளியே வந்தார். பக்கத்தில் இருந்த டீ ஆடை கட்டியிருந்தது.

“கெடுத்தாச்சு. போதுமா?”

சுடர்க்கொடி உருளையில் மை எடுத்துப் பலகை முழுக்கப் பரப்பினாள். தாளை விரித்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தாள். ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக உரித்தாள்.

மரம் இருக்கும் இடம் கறுப்பாக விழும். வெட்டிய இடம் வெள்ளையாக நிற்கும். இது அவர் அறியாததல்ல. கோபத்தில் அது அவர் நினைவில் இல்லை.

கறுத்த நெருப்பின் நடுவே, வளைந்து வளைந்து, வெள்ளையாக ஒன்று போய்க்கொண்டிருந்தது. பாம்பு தலை தூக்கியது அதன் ஓரத்தில். தாயாரம்மா நின்றது அதன் மேல். அங்கிருந்து அது அம்புச் சுவரைக் கிழித்துக்கொண்டு தாளின் விளிம்புக்கே போய்விட்டது.

மாசிலாமணி தாளின் அருகே குனிந்தார். பிறகு கேட்டார்:

“நாளைக்கு அந்த ஆள் வந்து பலகையைக் கேப்பானே?”

“காட்டுவேன். கோடு இருக்கு.”

“இதைச் சுவத்துல ஒட்டினா வாக்குத் தவறினதா ஆகாதா?”

சுடர்க்கொடி அந்தத் தாளைக் கொடியில் மாட்டிவிட்டு, அடுத்த தாளை எடுத்தாள்.

“வழியே இல்லாத படம் ஒண்ணு இருந்தது, அண்ணே. அதை இனிமே அச்செடுக்க மாட்டேன்னுதான் வாக்குக் குடுத்தேன்.”