வேலையில்லாதவர்களை நாடு கடத்திய கதை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் மழை தவறாமல் பெய்தது. அண்டை நாட்டில் அடியோடு பொய்த்தது. அங்கிருந்தவர்களில் பலர் சட்டிபானையோடு எல்லை தாண்டி வந்து, இந்த நாட்டுத் தலைநகரின் ஏரிக்கரையில் குடிசை போட்டார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. வந்தவர்கள் சோம்பேறிகள், சும்மா உட்கார்ந்து தின்கிறார்கள் என்று காலையில் அரண்மனைக்கு வந்து முறையிட்டார்கள். நம் வேலையையெல்லாம் அவர்களே பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று மாலையில் முறையிட்டார்கள். இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான். கேட்டுக் கேட்டு அரசர் செங்கோடவர்மருக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

அமைச்சர் கனகராயர் இதற்காகவே காத்திருந்தார். அரசவை விகடன் அம்பலத்தாடியின் தாயார் அந்த வறண்ட நாட்டில் பிறந்தவர் என்பது அவருக்குத் தெரியும். விகடன் வாய் திறந்தால் அரசர் சிரிப்பதும், தாம் வாய் திறந்தால் கொட்டாவி விடுவதும் அவருக்கு நெடுநாளைய வயிற்றெரிச்சல்.

"அரசே, இந்நாட்டுச் சோற்றை உண்டு, இந்நாட்டுக்கு எவ்வேலையும் செய்யாதவர் யாவரும் நாளைப் பொழுது சாய்வதற்குள் எல்லை கடத்தப்பட வேண்டும். அப்பொறுப்பு அம்பலத்தாடியைச் சேரட்டும். தவறினால் அவரும் அவர்களோடு போகட்டும்" என்றார்.

சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் அரசர் உடனே சம்மதித்தார். ஊரெங்கும் அதே வார்த்தைகளைப் பறையறைந்து சொன்னார்கள்.

அன்றிரவு அம்பலத்தாடிக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் காவலர்களோடு ஏரிக்கரைக்குப் போனார். குடிசைகளில் ஆள் இல்லை. உடைப்பெடுத்திருந்த கரையில் எல்லோரும் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். களிமண் மிதித்துக்கொண்டிருந்த பொம்மக்கா என்ற பெண் காலை நிறுத்தாமலே கேட்டாள்: "போகச் சொல்லத்தானே வந்தீக, சாமி? இந்த உடைப்ப அடைச்சிட்டுப் போறோம். விட்டா ஒங்க ஊரு முழுகிப்போகும்."

ஊர்க்காரர்கள் ஏன் அடைக்கவில்லை என்று விசாரித்தார். அவர்கள் முறையிட அரண்மனைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.

அம்பலத்தாடி காவலர்கள் பக்கம் திரும்பினார். இவர்களில் வேலை செய்யாதவர் யாருமில்லை. ஆகவே ஆணை இவர்களைத் தொடாது என்று காவலர்களுக்கு விளக்கிவிட்டு, வண்டிகளைப் பூட்டச் சொல்லி அரண்மனைக்குத் திரும்பினார்.

அங்கே விருந்துண்ட மயக்கத்தில் அமைச்சர்கள் மண்டபத்தில் வரிசையாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். காவலர்கள் கனகராயரைத் தட்டி எழுப்பினார்கள்.

"தாங்கள் நாட்டுக்குச் செய்த வேலை யாதோ?" என்றார் அம்பலத்தாடி.

"வேலை செய்யாதவர்களைத் துரத்தும்படி ஆலோசனை சொன்னேன்."

"அதுதான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. வண்டியில் ஏறுங்கள்."

பொழுது சாயும் முன்பே வண்டிகள் அமைச்சர்கள் அனைவரையும் எல்லைக்கு அப்பால் இறக்கிவிட்டுத் திரும்பின. அந்தப் பக்கத்துக் கிராமத்தார் பட்டுடுத்த கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்தார்கள். நம் வேலையைப் பிடுங்க வந்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்தார்கள். எங்களுக்கு எந்த வேலையும் தெரியாது என்று அமைச்சர்கள் சத்தியம் செய்தார்கள். அப்படியானால் சோம்பேறிகள் என்று முடிவுகட்டி, கிராமத்தார் தடியெடுத்தார்கள்.

மறுநாள் கனகராயர் புழுதியும் கொப்புளக் காலுமாக அரசர் முன் வந்து நின்றார். "அரசே, அந்த ஊராருக்கு ஈவிரக்கமே இல்லை. ஏதோ பஞ்சம் பிழைக்க வந்தவர்களைப் போல எங்களை விரட்டினார்கள்" என்று குமுறினார்.

அரசர் அம்பலத்தாடியைப் பார்த்தார். அம்பலத்தாடி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அரசருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தம் தோளிலிருந்த பொன்னாடையை விகடனுக்குப் போர்த்தினார். கரையை அடைத்தவர்களுக்கு ஏரியின் கீழேயே நிலம் கொடுத்தார்.

கனகராயருக்கும் ஒரு பதவி கிடைத்தது. எல்லையில் பந்தல் போட்டு, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றுவது. அதுவே அவர் நாட்டுக்குச் செய்த முதல் வேலை.