விறகுக்குக் காத்திருந்த பேரரசன்

முன்னொரு காலத்தில், பழைய ரோமாபுரி விழுந்துபோய், கடலோரத்துப் புது ரோமாபுரி மட்டும் நிமிர்ந்து நின்ற நாளில், யூஸ்தாதியன் என்றொரு பேரரசன் அதை ஆண்டுவந்தான். காலையில் ஒருவன் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவான். மாலையில் அதே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவான். அவனுடைய மந்திரி நிக்கானோர், கிழக்கு எல்லையில் அர்மேனா என்ற மலைக்கோட்டையில் ஒரு படைவீரனுக்குப் பிறந்தவன்.

அந்த அர்மேனாவை எதிரி வளைத்திருந்தான். பக்கத்து நகரில் சேனை இருந்தது, களஞ்சியம் நிறையக் கோதுமையும் இருந்தது. ஆனால் பழைய ரோமாபுரி வழக்கப்படி சேனைக்கு ஒரு தலைவன், தானியத்துக்கு வேறொரு அதிகாரி. சாப்பாடு இல்லாமல் சேனை நகராது. மேலிடத்து உத்தரவு இல்லாமல் தானியம் நகராது. அந்த மேலிடம்தான் பெலாகியன். முப்பாட்டன் காலத்துப் பட்டமும் தரையைப் பெருக்கும் அங்கியும் உடைய பிரபு. மலைநாட்டான் மந்திரியானதில் அவனுக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

வாளையும் களஞ்சியத்தையும் ஒரே கையில் கொடுங்கள் என்று நிக்கானோர் சபையில் கேட்டான். பெலாகியன் சிரித்தான். "படைவீரன் மகனுக்கு ராஜாங்கம் எங்கே புரியும், அரசே?"

அரசனுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. ஒரே கையில் கொடுப்பதுதான் சரி என்று பொழுது சாய்வதற்குள் நிரூபித்துக் காட்டு, இல்லாவிட்டால் உன் தலையை மழித்துத் துறவி மடத்துக்கு அனுப்புவேன் என்றான்.

"முடி போவதில் வருத்தமில்லை. அதற்குள் கோட்டை போய்விடக் கூடாது," என்றான் நிக்கானோர். "இன்று ஒரு நாள் உங்கள் சமையற்கட்டு பழைய வழக்கப்படி நடக்கட்டும். அடுப்பு ஒருவரிடம், விறகு வேறொருவரிடம்."

அரசன் அடுப்பை அரண்மனை வீட்டுக் காரியங்களைப் பார்க்கும் விசாரிப்புக்காரன் கோஸ்மாஸிடமும், விறகைப் பெலாகியனிடமும் ஒப்படைத்தான். இருவருக்கும் ஒரே அந்தஸ்து என்றும் சொல்லிவைத்தான்.

கோஸ்மாஸ் விறகு கேட்டு ஏவலாளை அனுப்பினான். விறகுக் கொட்டகை வாசலில் முழு அங்கியோடு உட்கார்ந்திருந்த பெலாகியன், என்னிடம் கேட்க ஏவலாளா, கோஸ்மாஸே வரட்டும் என்றான். அவனும் நானும் சமம், நான் ஏன் போகவேண்டும் என்றான் கோஸ்மாஸ். யாரோ நடுமுற்றத்தில் சந்திக்கச் சொன்னார்கள். இருவரும் வந்தார்கள். யார் முதலில் வணங்குவது? ஆளுக்கொரு பக்கம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உச்சி வெயில் சாய்ந்தது. அரசனுக்குக் குடல் இரைந்தது.

"அடுப்பு எரிகிறதா?"

"இன்னும் வணக்கமே ஆகவில்லை, அரசே," என்றான் நிக்கானோர்.

அப்போது மதிலுக்கு வெளியே கஞ்சி மணந்தது. உதவி கேட்டு வந்திருந்த அர்மேனா வீரர்கள் சுள்ளி பொறுக்கிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பேரரசன் தனக்கு மட்டுமே உரிய செந்நீலக் காலணியோடு புழுதியில் இறங்கிப் போய் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தான், இன்னொன்றும் கேட்டான்.

"இந்த விறகுக்கு யார் உத்தரவு?"

"பசிதான், அரசே," என்றான் ஒரு வீரன்.

நிக்கானோர் சொன்னான்: "நீங்கள் ஒரு பகல் பட்ட பசியோடுதான் என் ஜனம் மாதக்கணக்காக மதில்மேல் நிற்கிறது. நின்று சண்டையும் போடுகிறது."

பெலாகியன் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "இரண்டும் ஒருவன் கைக்குப் போனால் நாளை சிம்மாசனத்தைக் கேட்பான். அதற்காகத்தானே முன்னோர் பிரித்துவைத்தார்கள்?"

அரசன் மந்திரியை உற்றுப் பார்த்தான். அந்தப் பயம் அவனுக்கும் உண்டு.

"வீரர்களுக்கு எல்லையிலேயே நிலம் கொடுங்கள், அரசே," என்றான் நிக்கானோர். "உழுது பெண்டு பிள்ளைகளோடு இருக்கட்டும். கதிர் முற்றி நிற்கும் வயலை விட்டுவிட்டு எவன் என் பின்னால் கலகத்துக்கு வருவான்? என்னை நம்பவேண்டாம். அந்த வயலை நம்புங்கள்."

அரசன் தன் வாளைக் கழற்றி அவன் இடுப்பில் கட்டினான். கிழக்கு எல்லை முழுவதும், சேனையும் தானியமும் சேர்த்து, அவனுக்கு என்றான். பிறகு பெலாகியனிடம், "உமது பட்டம் இருக்கட்டும். அங்கியும் இருக்கட்டும். வேலை மட்டும் இனி இல்லை," என்றான்.

பெலாகியன் யோசித்துவிட்டுக் கேட்டான்: "ஊர்வலத்தில் கோஸ்மாஸுக்கு முன்னால்தானே, அரசே?"

அரசன் பின்னாலேயே வந்திருந்த சபையார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

குதிரைகளும் கோதுமை வண்டிகளும் ஒரே கொடியின்கீழ் வருவதை மலைமேலிருந்து கண்ட எதிரி, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனான். அர்மேனா ஜனம் கதவைத் திறந்தது. அத்தனை பசியிலும் அவர்கள் வண்டிகளைப் பார்க்கவில்லை. முன்னால் வந்தவனைக் காட்டி, "நம்ம ஊர்ப் பிள்ளை," என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.