சாம்பல் மேல் உட்கார்ந்த கரடி

ஒரு மலைக்காட்டில், தை மாதம். விடியற்காலையில் பல் தந்தியடிக்கும் குளிர். வெயில் ஏறினாலோ சருகெல்லாம் அப்பளம் போல நொறுங்கும்.

அங்கே ஓர் உயர்ந்த மரத்தின் பொந்தில் பெண் இருவாச்சிப் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது. பாம்புக்கும் குரங்குக்கும் பயந்து, பொந்தின் வாயை மண் குழைத்து அடைத்துவிட்டு உள்ளேயே இருந்தது. அலகு மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். பறக்கும் சிறகுகளும் உதிர்ந்துவிட்டன. ஆண் இருவாச்சிதான் பழம் தேடி வந்து ஊட்ட வேண்டும். அது உழைக்கச் சலிக்காது, கவலைப்படவும் சலிக்காது.

ஒரு நாள் காலை, அலகு நிறைய அத்திப்பழங்களோடு அது திரும்பி வந்தது. மரத்தடியில் புகை! எட்டிப் பார்த்தால், சோம்பேறிக் கரடி தீ மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தது.

பழங்களைக் கிளையில் வைத்துவிட்டு, "கரடியண்ணா, இங்கேயா தீ மூட்டுவது?" என்று பதறியது இருவாச்சி.

"அருமையான இடம் தம்பி! காற்று அடிக்காது. சருகுக்கும் பஞ்சமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அள்ளிப் போடலாம்."

"அந்தச் சருகை நினைத்தால்தான் எனக்குப் பயம். மேலே பொந்துக்குள் என் மனைவி இருக்கிறாள். தீ பரவினால் அவளால் வெளியே வர முடியாது."

"சரி சரி, நான் தேனெடுக்கக் கிளம்பிவிட்டேன்" என்று கரடி தன் மூங்கில் குழாயை எடுத்துக்கொண்டது. பின்னங்காலால் சாம்பலைத் தள்ளிக் கங்குகளை மூடியது. "பார்த்தாயா? தீ அணைந்தது!"

"தண்ணீர் ஊற்றவில்லையே அண்ணா? ஓடை பக்கத்தில்தானே இருக்கிறது?"

"இதற்கெல்லாமா ஓடைக்கு நடப்பார்கள்?" என்று கரடி கொட்டாவி விட்டது.

இருவாச்சி தவித்தது. அதன் அலகில் எவ்வளவு தண்ணீர் கொண்டுவர முடியும்? கெஞ்சினாலும் கரடி அசையாது. சட்டென்று அதற்கு ஒரு யோசனை தோன்றியது.

"வெறும் வயிற்றோடு போகாதீர்கள் அண்ணா. அத்திப்பழம் தருகிறேன், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தரை சில்லென்று இருக்கிறது. அந்தச் சாம்பல் மேல் உட்காருங்கள். அதுதான் அணைந்துவிட்டதே!"

கரடி ஒரு கணம் தயங்கியது. ஆனால் அணைந்தது என்று சொன்னதே அதுதானே! வாயைத் திறந்துகொண்டு சாம்பல் மேல் தொப்பென்று உட்கார்ந்தது.

"ஐயோ! அம்மா!"

துள்ளிக் குதித்து ஓடியது. ஓடையில் தொபீர் என்று விழுந்தது.

இருவாச்சிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது நின்றுபோனது. கரடி குதித்த வேகத்தில் கங்குகள் நாலாபக்கமும் சிதறிச் சருகில் விழுந்திருந்தன. குபுகுபுவென்று தீ எழுந்தது. பொந்துக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

'என் தந்திரமே அவளைக் கொன்றுவிடும் போலிருக்கிறதே!' இருவாச்சிக்கு உயிரே போய்விட்டது. "அண்ணா! என்னை மன்னித்துவிடுங்கள்! அவள் உள்ளே இருக்கிறாள்! ஓடி வாருங்கள்!" என்று அலறியது.

கரடிக்குக் கோபம்தான். ஆனால் புகையைக் கண்டதும் சட்டென்று கரையேறியது. நீர் சொட்டச் சொட்ட ஓடிவந்து, எரியும் சருகின் மேல் அப்படியும் இப்படியும் உருண்டது. ஈரமான ரோமம் பட்டுத் தீ 'சுர்'ரென்று அடங்கியது. எரியாத சருகை இருவாச்சி அலகால் தள்ளித் தள்ளி விலக்கியது. பிறகு கரடி மூங்கில் குழாயில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றியது, குச்சியால் கிளறியது, மறுபடியும் ஊற்றியது.

பொந்தில் இருமல் நின்றது.

"உள்ளே கங்கு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே!" என்றது கரடி.

"சொன்னால் ஓடைக்குப் போயிருப்பீர்களா?"

கரடி யோசித்தது. "போயிருக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டது.

மறுநாள் கரடி ஓடைக்கரை மணலில் இடம் பார்த்தது. சருகைக் கூட்டித் தள்ளி, சுற்றிலும் கல் அடுக்கி, பக்கத்தில் தண்ணீரும் வைத்துக்கொண்ட பிறகே சின்னதாகத் தீ மூட்டியது. குளிர் காய்ந்து முடித்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. ஜில்லென்று இருந்தது.

"இப்போது தாராளமாக உட்காரலாம் அண்ணா" என்றது இருவாச்சி.

"முதலில் நீ உட்கார்" என்றது கரடி.

நீதி: மூடி மறைத்த நெருப்பு அணைந்த நெருப்பு ஆகாது, தொட்டுப் பார்த்து, குளிர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகே அந்த இடத்தை விட்டு நகர வேண்டும்.